அயலவனின் தொழிலை அறிதல்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 வீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து மாத்தளையை நோக்கிப் போனால் அலவத்துகொட என்னும் சிறு நகர் வரும். பஸ்சில் போகிறவர் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார். இவ்வாரம் நாம் படிக்க எடுத்துக்கொண்ட பாடத்துக்கோ அது நல்ல பள்ளிக்கூடம். நம்மைப் போல் அல்லாத மனிதரோடு, நாம் அறியாத தொழில்களைச் செய்கிறவரோடு, சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதே அந்தப் பாடம்.

இந்த மலைச் சரிவுகளில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. மிளகை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொடியை வளர்ப்பவர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். உயிர்மரத்தில் படர்ந்த கொடியில், ஒரு கதிரில் ஓரிரு மணிகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும் நாளைப் பார்த்திருந்து, ஏணி வைத்து ஏறிப் பறிக்க வேண்டும். முந்திப் பறித்தால் மணி சொத்தையாகும். பிந்தினால் உதிர்ந்துவிடும், பறவைகளும் கொண்டுபோகும். பறித்ததை உதிர்த்து, கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து, பாயில் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து சுருங்கி ஏறக்குறைய ஒரு கிலோவாகிறது. மழை குறுக்கிட்டால் அந்த ஒரு கிலோவும் பூஞ்சணம் பிடித்துப் போகும்.

சாக்கில் கட்டியதை வாங்குபவர் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரி. வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற அக்குறணை பக்கத்தில்தானே இருக்கிறது! அவர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுகிறார், முகர்கிறார், ஒரு மணியைக் கடித்துப் பார்க்கிறார். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் அதிகம் போனால் களஞ்சியத்தில் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நிறையிலே கொஞ்சம் கழிக்கிறார். கொடுத்தவர் முகம் சுருங்குகிறது. “கடைக்காரன் தராசிலே வெட்டுகிறான்” என்று வீட்டிலே போய்ச் சொல்கிறார். கடைக்காரருடைய சாக்குகள் கொழும்பை அடையும்போது அங்குள்ள ஏற்றுமதியாளரும் கழிக்கத்தான் செய்கிறார். இலங்கை மிளகைப் பெருமளவில் வாங்குவது இந்தியா. அங்கே விலை தளர்ந்தால் அலவத்துகொடக் கடையிலும் தளர்ந்துவிடும். இவையெல்லாம் பாயில் மிளகு காயவைத்த பெண்ணுக்கு யாரும் சொல்லாத செய்திகள்.

இனி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போவோம். காலை முதல் மலையேறிக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண் கூடையையோ சாக்கையோ தராசிலே வைக்கிறாள். இலையில் தண்ணீர் இருக்கிறது, சாக்கின் எடை இருக்கிறது என்று சொல்லிக் கிலோக்கணக்கில் கழிக்கப்படுகிறது. அவளும் வீட்டிலே போய் அதே சொற்களைத்தான் சொல்கிறாள்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். கிராமத்து மிளகுக்காரருக்கும் தோட்டத்துக் கொழுந்துக்காரிக்கும் ஒரே மனக்குறை. கடைக்காரருக்கும் அதில் ஒரு பங்குண்டு. ஆனாலும் ஒருவர் குறையை மற்றவர் அறியார். அவர்கள் தினமும் ஒரே பஸ்சில் போகிறார்கள், ஒரே சந்தையில் சாமான் வாங்குகிறார்கள், ஒரே ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய நாலு வார்த்தை சிங்களமும் நாலு வார்த்தை தமிழும் எல்லாருக்கும் தெரியும். இதையே ஒற்றுமை என்று மேடைகளில் பேசிவிடுகிறோம். என் எண்ணத்தில் இது ஒற்றுமையின் வாசற்படிதான்.

வாசற்படியைத் தாண்ட ஒரு முயற்சி நம் கண்டியிலேயே நடந்தது. இயேசு சபைக் குருவான வண. பிதா போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் இங்கே “சத்தியோதய” என்ற நிலையத்தைத் தொடங்கினார். உண்மையின் உதயம் என்பது அதன் பொருள். 1972 வரை கண்டி ஆயராகவும், பின்பு பதுளையின் முதல் ஆயராகவும் இருந்த லியோ நாணயக்கார ஆண்டகையின் ஆதரவு அதற்கு இருந்தது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை இளைய வாசகர் அறிந்துகொள்வது நல்லது. 1971 இல் சிங்கள இளைஞரின் கிளர்ச்சி எழுந்து இரத்தத்தில் அடக்கப்பட்டிருந்தது. 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. காணியில்லாத கிராமத்தவர் தோட்டத்து நிலத்தை ஆவலோடு பார்த்தனர். தோட்டத்துத் தமிழரோ 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று தெரியாமல் நின்றனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பட்டினியாலும் மெலிந்தனர். கிராமத்து ஏழையைத் தோட்டத்து ஏழைக்கு எதிராக நிறுத்துவது அன்று மிக எளிது. சிலர் நிறுத்தவும் செய்தார்கள்.

சத்தியோதயவில் சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றாக வேலை செய்தனர். தோட்டத்தை மட்டும் பார்க்காமல் அதைச் சூழ்ந்த கிராமத்தையும் சேர்த்தே பார்ப்பது என்பது அவர்களுடைய நோக்கு. கூலி எவ்வளவு, லயத்து அறையின் அளவு என்ன, கிராமத்துக் குடும்பத்துக்கு எத்தனை பேர்ச் காணி என்பவற்றை ஆராய்ந்து எழுதுவதும், இரு பகுதியாரையும் சந்திக்க வைப்பதும் ஒரே பணியின் இரு கைகளாக இருந்தன. ஆராய்ச்சி செய்கிறவர் தம் புத்தகத்தோடும், ஊரில் அலைகிறவர் தம் செருப்போடும் நின்றுவிடாமல் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. 1974 இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகமும் இவ்வழியில் உருவாகியது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். “உங்கள் வேறுபாடுகளை மறந்துவிடுங்கள்” என்று சொல்வது பிறர் வழக்கம். தராசுக் கழிவைப் பற்றிப் பேச வேண்டுமானால் தோட்டத்தாள் தோட்டத்தாளாகவே பேச வேண்டும், கமக்காரர் கமக்காரராகவே கேட்க வேண்டும். மறந்துவிட்டு எதைப் பேசுவது?

காஸ்பர்ஸ் அடிகளார் 2017 இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, 2018 மார்ச்சில், ஒரு வீதித் தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் கலவரம் அக்குறணைப் பக்கம் பரவியது. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. மிளகு கொடுத்தவரும் வாங்கியவரும் தத்தம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். பல தலைமுறையாகத் தராசின் இருபுறமும் நின்று பழகியவர்களுக்கிடையே கைத்தொலைபேசியில் வந்த ஒரு வதந்தி நுழைய முடிந்ததென்றால், அந்தப் பழக்கம் எவ்வளவு மேலோட்டமானது! கொடுக்கல் வாங்கல் கலகத்தைத் தடுக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது நல்ல பதில். பழகியிருந்தார்கள், உண்மைதான், ஆனால் ஒருவர் தொழிலின் பாரத்தை மற்றவர் அறிந்திருந்தாரா என்பது வேறு கேள்வி.

ஆகவே நாம் செய்யத்தக்கது என்ன? பெரிய நிலையங்களைத் தொடங்க நம்மில் பலரால் இயலாது. ஆனால் வேறு தொழிலாரோடு ஒரு காரியத்தில் இறங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: “உங்கள் வேலையில் எது கெட்டுப்போகும், எப்போது கெட்டுப்போகும்?” மேசனுக்குக் குழைத்த சீமெந்து இறுகிவிடும். பேக்கரிக்காரருக்கு மாவு புளித்துவிடும். ஆசிரியைக்குப் பரீட்சை நாள் நகராது. பஸ் சாரதிக்கு நேரசூசி தவறும். மிளகுக்காரருக்கு மழை. இதை அறியாமல் “ஞாயிறு மாலை எல்லாரும் கட்டாயம் கூட்டத்துக்கு வரவேண்டும்” என்று கட்டளையிட்டுவிட்டு, வராதவரைச் சோம்பேறி என்கிறோம். ரமழான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கும், போயா தினத்துக்கும், தோட்டத்துத் திருவிழாவுக்கும் கூட்டம் வைத்துவிட்டு, “அவர்களுக்கு ஒத்துழைப்பு மனம் இல்லை” என்று சொல்லும் சங்கங்களை எல்லா மதத்தாரிடமும் காணலாம், நம்மிடமும் உண்டு.

மொழியிலும் இப்படியே. விலை பேசுகிற அளவுக்குச் சிங்களம் போதாது. மற்றவர் தம் தொழிலுக்கு வழங்கும் சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். தச்சரிடம் உளிகளின் பெயரைக் கேளுங்கள். ஒருவர் தம் கருவியின் பெயரைச் சொல்லித்தரும்போது அவரே ஆசிரியர், நீங்கள் மாணவர். படித்தவருக்கு அந்த இடத்தில் உட்காருவது கஷ்டம். ஆனால் அதைச் செய்யாதவர் பலருடன் வேலை செய்யவில்லை, பலரை வேலை வாங்குகிறார்.

பொழுதுபோக்கை அற்பமென்று ஒதுக்கிவிடாதீர்கள். தொழிலில் ஒருவர் மேல், ஒருவர் கீழ். விளையாட்டு மைதானத்தில் அந்த வரிசை கலைந்துபோகும். 1991 இல் நமது நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டத்தைப் பாருங்கள். ஒரு வலையும் ஒரு பந்தும் சமதரையும் இருந்தால் போதும். கிராமத்திலும் தோட்டத்திலும் ஆடுகிறார்கள். எதிரணியிடமிருந்து பந்து போடும் உரிமையை மீட்டதும் ஆறு பேரும் ஓரிடம் நகர வேண்டும். முன்னே நின்று அடித்தவர் பின்னே போய்ப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் முறை வரும். உயரமானவரும் குள்ளமானவரும், முதலாளி மகனும் லயத்துப் பையனும், முறை வந்தால் பந்து போட்டே ஆகவேண்டும்.

உங்கள் பங்கின் இளைஞர் சங்கத்தில் கரப்பந்தாட்டக் குழு இருக்கிறதா? அதில் உள்ள பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எல்லாப் பெயரும் ஒரே பதிவேட்டிலிருந்து வந்திருந்தால், வரும் சனிக்கிழமை சந்தியிலுள்ள கராஜில் வேலை பழகும் பையனையும், பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கும் பையனையும் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது கடை எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்; ஆட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.