இதயத்துடிப்புக்கு எரியும் விளக்கு: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மெக்ஸிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006-இல் ‘பல்ஸ் ரூம்’ என்ற படைப்பை உருவாக்கினார். கூரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டு பல்புகள் தொங்கும். பார்க்க வந்தவர் கைப்பிடியைப் பற்றினால், அவருடைய இதயத்துடிப்புக்கு ஏற்ப ஒரு பல்பு எரிந்து அணையும். கையை எடுத்ததும் அவர் துடிப்பு வரிசையின் முதல் பல்புக்குப் போகும். முன்பே வந்தவர்களின் துடிப்புகள் ஒவ்வோர் இடம் தள்ளிப் போகும். கடைசியில் இருந்தவரின் துடிப்பு அறையை விட்டே மறையும். உடலையும் கலையையும் மின்னணுவியலையும் சேர்த்துப் பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒற்றை விளக்கில் இதன் சிறு வடிவத்தை வீட்டு மேசையிலேயே செய்யலாம்.

தேவையானவை

ஆர்டுயினோ ஊனோ போர்டு, விரலில் வைக்கும் பல்ஸ் சென்சார், பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், ஒரு எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர், லேப்டாப். சென்னையில் இருப்பவர்களுக்கு மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கலாம். 230 வோல்ட் பல்பை இப்போது தொடவே வேண்டாம். யாராவது சென்சாரில் விரல் வைத்திருக்கும்போது லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள்.

படி 1: இணைப்பு

சென்சாரின் சிக்னல் வயர் A0-க்கு, மற்ற இரண்டும் 5V, GND-க்கு. எல்.இ.டி.யின் நீண்ட கால் ரெசிஸ்டர் வழியாக 9-ஆம் பின்னுக்கு, குட்டைக் கால் GND-க்கு. சென்சாரின் பின்பக்கம் திறந்தபடி இருந்தால் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்; வியர்வை பட்டால் அளவு தாறுமாறாகும்.

படி 2: விரல்

சென்சார் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்துகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் விரல்நுனியில் ரத்தம் நிறைவதால் திரும்பி வரும் ஒளி மாறுகிறது. அந்த மாற்றம் 0 முதல் 1023 வரையிலான எண்ணாக உங்களுக்குக் கிடைக்கும். ஆர்டுயினோ மென்பொருளில் உள்ள சீரியல் பிளாட்டரைத் திறந்தால் அலையாகவே பார்க்கலாம்.

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். அழுத்திப் பிடித்தால் ரத்தம் விலகி அலை தட்டையாகும். லேசாக வைத்தால் சின்ன அசைவும் துடிப்பாகத் தெரியும். நாடி பார்ப்பவர் மணிக்கட்டில் விரல் வைக்கும் பதம்தான் இதற்கும். வெல்க்ரோ பட்டையால் சுற்றிவிட்டால் அந்தப் பதம் நிலைக்கும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கச் சொல்லுங்கள். மேலே கருப்புத் துணி போட்டால் அறை வெளிச்சம் குறுக்கிடாது.

படி 3: துடிப்பைப் பிடித்தல்

அலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி மேலேறும் கணத்தைத் துடிப்பாகக் கொள்ளுங்கள். 550-இல் தொடங்கி, உங்கள் அலையைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பெரிய அலையை ஒட்டி ஒரு சின்ன மேடு வரும். அதை இன்னொரு துடிப்பாக எண்ணாதிருக்க, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் 300 மில்லிசெகண்ட் காத்திருக்கச் செய்யுங்கள். ‘டிலே’ கட்டளை வேண்டாம், அது சென்சாரைப் படிப்பதையும் நிறுத்திவிடும். ‘மில்லிஸ்’ கொண்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். இரு துடிப்புக்கு நடுவே 800 மில்லிசெகண்ட் என்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு.

படி 4: ஒளி

எல்.இ.டி. சட்டென்று எரிந்து சட்டென்று அணையும். அதில் உயிர் தெரியாது. குண்டு பல்பின் இழை சூடாகி மெல்ல ஆறுவதால்தான் ‘பல்ஸ் ரூம்’ மூச்சு விடுவதுபோலத் தோன்றுகிறது. துடிப்பு வந்ததும் வெளிச்சத்தை உச்ச அளவான 255-க்கு ஏற்றி, பிறகு சுமார் 400 மில்லிசெகண்டில் படிப்படியாக இறக்குங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு மாலை முழுக்கச் செலவிட்டாலும் தகும். துடிப்புக்கும் ஒளிக்கும் இடையே தாமதம் தெரிந்தால், அது தன் துடிப்புதான் என்று வந்தவர் நம்ப மாட்டார்.

படி 5: நினைவு

ஒருவர் போன பிறகும் அவர் துடிப்பை விளக்கு சொல்ல வேண்டுமானால், சராசரியைச் சேமிக்காதீர்கள். கடைசிப் பத்து இடைவெளிகளை அப்படியே வரிசையாகச் சேமியுங்கள். மூச்சை இழுக்கையில் இதயம் சற்று விரையும், விடுகையில் தணியும். சராசரி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் அழிந்து, கடிகார ஓட்டம்தான் மிஞ்சும். இரண்டாவது எல்.இ.டி. சேர்த்து, புதியவர் துடிப்பு முதலாவதிலும் பழையவர் துடிப்பு இரண்டாவதிலும் ஓடும்படி செய்து பாருங்கள்.

படி 6: பார்வையாளர்

துடிப்பு ஒருவரின் உடலிலிருந்து எடுத்தது. சேமிக்கப் போகிறீர்கள் என்றால் முன்பே சொல்லுங்கள்; பெயரோடு சேர்க்காதீர்கள். எண்ணைத் திரையில் காட்டாதீர்கள்: 95 என்று கண்டதும் பயந்து, விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். இது மருத்துவக் கருவி இல்லை என்று எழுதி வையுங்கள். நிரலில் பிழை இருந்தாலும் விளக்கு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னாதபடி வரம்பு போடுங்கள். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். சென்சாரை, நாற்காலியில் உட்கார்ந்தவர் மேசைமேல் கையைச் சாய்த்து வைக்கும் உயரத்தில் பொருத்துங்கள். முழங்கை ஊன்றியிருந்தால் கை நடுங்குபவருக்கும் அலை சற்றுத் தெளிவாக வரும்.