வேலையை விட்டுப் படிக்கலாமா? சமுதாயக் கல்லூரி கோர்ஸை வைத்து ஒரு பணக் கணக்கு



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நம்மில் நிறையப் பேருக்கு வரும் எண்ணம், "இன்னொரு கோர்ஸ் படிச்சா சம்பளம் ஏறுமா?" போனைத் திறந்தா விளம்பரமும் அதையேதான் சொல்லுது. மாசம் 2,000 ரூபாய் எஸ்ஐபி போடுறதுக்கு முன்னாடி பத்து வீடியோ பார்க்கிற நாம, ஒரு லட்ச ரூபாய் கோர்ஸுக்கு ஒரே போன் காலில் சரி சொல்லிடுறோம். கோர்ஸும் ஒரு முதலீடுதாங்க. அதனால இன்றைய பாடத்தில், சமுதாயக் கல்லூரியை உதாரணமா வச்சு, ஒரு கோர்ஸின் உண்மையான விலையை எப்படிக் கணக்குப் போடுவது என்று பார்க்கலாம்.

சமுதாயக் கல்லூரின்னா என்ன?

கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்வாங்களே, அதுதான். ஒரு ஊரில் என்ன வேலைக்கு ஆள் தேவையோ, அந்த வேலைக்கான படிப்பை அந்த ஊர்க்காரர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் இதன் நோக்கம். இந்தியாவில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழும், 1996-ல் சென்னையிலும் இப்படிப்பட்ட கல்லூரிகள் தொடங்கின. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தன்னிடம் அங்கீகாரம் பெற்ற சமுதாயக் கல்லூரிகள் மூலம் தொழிற்கல்வி டிப்ளமோக்களைக் கொடுக்க ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், ஆடை வடிவமைப்பு, கேட்டரிங், டிடிபி, ஹெல்த் அசிஸ்டெண்ட் மாதிரியான படிப்புகள்.

இன்னொரு பக்கம் யுஜிசியும் கல்லூரிகளுக்குள்ளேயே இதே பாணிப் படிப்புகளைக் கொண்டுவந்தது. 2014-ல் வந்த பி.வோக் திட்டத்தைப் பாருங்க. வருஷத்துக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில்திறன். மீதி 24 மொழி, கம்யூனிகேஷன், அடிப்படைப் பாடங்கள் மாதிரியான பொதுக் கல்வி. ஒரு வருஷத்தோட நிறுத்தினா டிப்ளமோ, ரெண்டு வருஷத்தில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூணு வருஷம் முடிச்சா பட்டம்.

பணக் கணக்கில் இது முக்கியமான விஷயம். சாதாரண டிகிரியைப் பாதியில் விட்டா பெரும்பாலும் கையில் எதுவும் நிற்காது. இங்கே ஒவ்வொரு வருஷ முடிவிலும் ஒரு சான்றிதழ் நிற்கும்.

கேள்வி 1: இந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும்?

முதலில் உங்க தேவை எதுன்னு தெளிவாகுங்க. கைத்தொழில் தெரிஞ்சா சம்பளம் ஏறும் வேலையா? அப்போ டிப்ளமோ போதும். ப்ரமோஷனுக்கு "ஏதாவது ஒரு டிகிரி" கேட்கிறாங்களா? அப்போ டிப்ளமோ உதவாது. எந்தச் சான்றிதழை ஏத்துக்குவாங்கன்னு பணம் கட்டும் முன்பே உங்க ஹெச்ஆரிடம் இமெயிலில் கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

அரசு வேலை லட்சியம் என்றால் கூடுதல் கவனம். டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளில் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு அல்லது அதற்கு இணையான படிப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாங்க. நடுவில் ஒரு படியைத் தாண்டி டிகிரி வாங்கினா அங்கே சிக்கல்.

தனியார் பயிற்சி நிறுவனம் என்றால் பில்லையும் பாருங்க. சட்டப்படி அங்கீகாரம் உள்ள தகுதிக்காக ஒரு கல்வி நிறுவனம் நடத்தும் படிப்புக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டிருந்தா, "இந்தச் சான்றிதழை யார் கொடுக்கிறாங்க? எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டே ஆகணும்.

கேள்வி 2: உண்மையான செலவு எவ்வளவு?

கட்டணம் மட்டும் செலவு இல்லீங்க. கட்டணம், போக்குவரத்து, கூடவே படிக்கும் காலத்தில் வராமல் போகும் சம்பளம். இந்த மூணும் சேர்ந்ததுதான் விலை. மாசம் 22,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருத்தரை எடுத்துக்குவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

வழி அ: வேலையை விட்டு ஒரு வருஷ முழுநேர டிப்ளமோ. கட்டணம் 30,000. போன சம்பளம் 22,000 × 12 = 2,64,000. மொத்தம் 2,94,000.

வழி ஆ: வேலையில் இருந்துகிட்டே வார இறுதி வகுப்பு. கட்டணம் 30,000, பஸ், சாப்பாடு மாசம் 1,500 வீதம் 18,000. மொத்தம் 48,000.

வழி இ: தனியார் ஆன்லைன் கோர்ஸ். கட்டணம் 90,000, ஜிஎஸ்டி 16,200. மொத்தம் 1,06,200.

கேள்வி 3: போட்ட பணம் எத்தனை மாசத்தில் திரும்பும்?

மொத்தச் செலவை, படிப்புக்கப்புறம் மாசாமாசம் கூடுதலாகக் கையில் வரும் தொகையால் வகுத்தா போதும்.

வழி அ-வில் சம்பளம் 6,000 கூடினால், 2,94,000 ÷ 6,000 = 49 மாசம். நாலு வருஷம் ஒரு மாசம்!
வழி ஆ-வில் 3,000 கூடினாலே, 48,000 ÷ 3,000 = 16 மாசம்.
வழி இ-யிலும் அதே 3,000 கூடினால் சுமார் 35 மாசம்.

கவனிச்சீங்களா? அ-வில் சம்பள உயர்வு ரெட்டிப்பு, கட்டணமும் மலிவு. ஆனாலும் பணம் திரும்ப மூணு மடங்கு காலம் ஆகுது. காரணம், விட்டுப்போன சம்பளம். குறைந்த கட்டணம் என்பதற்காக மட்டும் வேலையை விடாதீங்க. வீட்டுக்கு நீங்க ஒருத்தர்தான் சம்பாதிக்கிறீங்கன்னா இன்னும் யோசிக்கணும். அதே சமயம் உயர்வு 12,000 என்றால் அ-வும் சுமார் ரெண்டு வருஷத்தில் திரும்பிடும். அந்த 12,000 நிஜமான்னு தெரிஞ்சுக்க, விளம்பரத்தை நம்பாம, அதே கோர்ஸை முடிச்ச மூணு பேரிடம் சம்பளத்தைக் கேளுங்க.

என் அளவுகோல்: 24 மாசத்துக்குள் திரும்பினால் தைரியமாப் போகலாம். 36 மாசத்தைத் தாண்டினால் வேறு வழி தேடணும்.

"வட்டியில்லா இஎம்ஐ" எச்சரிக்கை

தனியார் கோர்ஸ்களில் மாசத் தவணை என்று கையெழுத்து வாங்குவது பல நேரங்களில் உங்க பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் எடுக்கும் கடன். கோர்ஸ் பிடிக்காமல் நீங்க நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டா அடிபடுவது உங்க சிபில் ஸ்கோர். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் அது தெரியும். கடன் கொடுப்பது யார், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், இந்த ரெண்டையும் எழுத்தில் வாங்காம ஓடிபி சொல்லாதீங்க.

வரிச் சலுகை கிடைக்குமா?

உங்க சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு 80சி கிடையாது. அது பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்குத்தான். வங்கியில் கல்விக் கடன் வாங்கினா, 80இ பிரிவில் வட்டிக்கு மட்டும் அதிகபட்சம் 8 வருஷம் கழிவு உண்டு. 12-ம் வகுப்புக்குப் பிறகான தொழிற்படிப்புக்கும் பொருந்தும். ஆனா பழைய வரி முறையில் மட்டும்தான். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. அப்புறம் 22,000 சம்பளக்காரருக்கு "வரி மிச்சம்" என்று ஆசை காட்டுவதில் என்ன அர்த்தம்?

வேலையை விட்டே ஆகணும்னா

ரெண்டு விஷயம். 5 வருஷத் தொடர் சேவை முடியும் முன் பிஎஃப் பணத்தை எடுத்தா அது வரிக்கு உட்படும். எடுக்காம அப்படியே விட்டு, அடுத்த வேலையில் மாத்திக்கோங்க. கிராஜுவிட்டிக்கும் பொதுவா 5 வருஷம் தேவை. நாலரை வருஷத்தில் இருக்கீங்கன்னா ஆறு மாசம் பொறுத்துக் கிளம்புங்க. குறைந்தது ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியும் கையில் இருக்கட்டும்.

இன்றைய ஹோம்வொர்க்

நீங்க யோசிச்சு வச்சிருக்கும் கோர்ஸின் பெயரை ஒரு பேப்பரில் எழுதுங்க. கீழே மூணு வரி: சான்றிதழ் கொடுப்பது யார், மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை மாசத்தில் திரும்பும். மூணில் ஒரு வரி காலியா இருந்தாலும் பணம் கட்டாதீங்க. முதலில் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி, கலைக் கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை நேரில் போய்க் கட்டணத்தையும் வகுப்பு நேரத்தையும் விசாரிச்சுட்டு வாங்க. அடுத்த பாடத்தில் கல்விக் கடன் வட்டிக் கணக்கைப் பார்க்கலாம்.