புதிதாக ஃபீல்டுக்கு வரும் நர்ஸம்மாக்களுக்கு

ஏ.என்.எம். படிப்பை முடித்துத் துணை சுகாதார நிலையத்தின் சாவியைக் கையில் வாங்கியிருக்கும் பிள்ளைகளே, தர்மபுரி மாவட்டத்து ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் பேசுகிறேன். ஊசி போடவும், வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே என்று கண்டுபிடிக்கவும் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு கர்ப்பிணிக்கு ஏன் ரத்தம் ஏறவில்லை, ஒரு குழந்தைக்கு ஏன் எடை கூடவில்லை என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அவர்கள் உடம்பில் கிடைக்காது. வீட்டில், தெருவில், கூலியில் கிடைக்கும். அதைத் தேடிப் பார்க்கிற பழக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

1. அடுப்படியைப் பார்த்த பிறகு அட்டையை எழுதுங்கள்.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை இல்லாததால் அல்ல. சத்து மாத்திரை மூட்டை மூட்டையாக வருகிறது. அது பரணிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் கிடக்கிறது.

"மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்று கேட்டால் எல்லாப் பெண்ணும் "சாப்பிடறேங்க" என்றுதான் சொல்வாள். "அட்டையக் கொண்டா, பார்க்கலாம்" என்று சொல்லி எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். வாந்தி வருகிறது என்பாள். மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்திருப்பாள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்றோ, பெருத்துப்போய் ஆபரேஷன் ஆகிவிடும் என்றோ யாராவது சொல்லியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். கறுப்பு மலம் மாத்திரையால் வருவது, அதனால் கெடுதல் இல்லை. டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடக் கூடாது. மொத்தம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள்.

அதோடு நிறுத்தாதீர்கள். அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று பாருங்கள். அநேகமாக அவள்தான். மாமனார், புருஷன், பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு களி மிஞ்சும், குழம்பு மிஞ்சாது. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவை வீட்டிலுள்ள அத்தனை பேரும் பங்கு போட்டிருப்பார்கள். கழிப்பறை இல்லாத வீடு என்றால், வெளியே போக வேண்டுமே என்று அவள் தண்ணீரே குடிக்காமல் இருப்பாள். சிறுநீர்த் தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். வெறுங்காலோடு காட்டுவேலைக்குப் போகிறவளுக்குக் கொக்கிப்புழு இருக்கும். நாலாம் மாதத்துக்கு மேல் ஒரு அல்பெண்டசோல் கொடுக்காமல் எத்தனை இரும்பு கொடுத்தும் பயனில்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டாக வேண்டும்.

2. மாமியாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வீட்டில் உங்கள் பேச்சைவிட அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. அவர் சொல்வது எல்லாமே தப்பும் அல்ல. பூண்டு, கருப்பட்டி, பால்சுறாப் புட்டு எல்லாம் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு. அதை முதலில் மெச்சுங்கள். கெடுதலானதை மட்டும் தனியாகப் பிரித்து எடுங்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, சேனை வைப்பது, தேன் தடவுவது, தெருவில் வருகிற கழுதைப்பாலை வாங்கிச் சங்கில் ஊற்றுவது எல்லாம் கெடுதல். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் கைகால் செயலிழக்கும் நோயே வரலாம். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, குளிப்பாட்டியதும் பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விடுவதற்கும் வாய் வைத்து ஊதுவதற்கும்தான். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறும். அதற்கு மருந்து கொடுத்து ஆற்றுவது கடினம்.

"இதெல்லாம் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால், நீங்கள் தெருமுனை தாண்டியதும் செய்துவிடுவார்கள். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். எடை குறைந்த பிள்ளையை வெறும் மார்போடு அணைத்துச் சூடு கொடுப்பதைப் பாட்டியும் செய்யலாம். கங்காரு முறை என்று இப்போது ஆஸ்பத்திரிகளில் சொல்கிறோமே, அது 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இதைச் சொல்லி, பிள்ளையை அவர் நெஞ்சிலேயே வைத்துக் காட்டுங்கள். அடுத்த முறை போகும்போது அவரே உங்களுக்காகத் தெருவில் நிற்பார்.

3. பி.பி.யை அளக்காமல் எழுதாதீர்கள்.

120/80 என்று வரிசையாக எழுதியிருக்கிற ரிஜிஸ்டரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். 140/90 வந்தால் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

4. தாய்வீட்டுக்குப் போகிறவளைத் தொலைத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அவள் வேறு ஊருக்கு, சில சமயம் வேறு மாவட்டத்துக்கே போய்விடுவாள். பி.பி. ஏறுவதும், நீர் குறைவதும், பிள்ளை திரும்பாமல் இருப்பதும் அந்த மாதங்களில்தான். உங்கள் ரிஜிஸ்டரில் "தாய்வீடு சென்றார்" என்று இருக்கும். அந்த ஊர் நர்ஸுக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. வளைகாப்புத் தேதி தெரிந்த அன்றே அந்த ஊர் நர்ஸைப் போனில் பிடியுங்கள். பேர், பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு நம்பர், கடைசி ஹெச்.பி., ஹை ரிஸ்க் என்றால் ஏன் என்பது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

பிழைக்கப் போகிறவர்களும் அப்படித்தான். செங்கல் சூளைக்கும் பெங்களூருக் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போய்விடுவார்கள். கர்ப்பிணியின் நம்பரோடு ஊரிலேயே இருக்கிற சொந்தக்காரர் ஒருவரின் நம்பரையும் வாங்கி வையுங்கள். அதேபோல உங்கள் ஊர்ச் சூளைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பெண்கள் யாருடைய பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். பாஷை தெரியவில்லை என்று விடாதீர்கள். அவர்களையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. காலனியில் தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள்.

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், மற்ற எல்லா அறிவுரையும் இதில்தான் நிற்கிறது. ஊர்த்தெருவில் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, காலனியில் வாசலில் நின்றபடியே பேர் எழுதிக்கொண்டு திரும்புகிற நர்ஸை அந்தப் பெண்கள் முதல் நாளே எடை போட்டுவிடுவார்கள். அப்புறம் ரத்தப்போக்கு இருந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். உள்ளே போங்கள், பாயில் உட்காருங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். தடுப்பூசி முகாம் எந்த இடத்தில் நடந்தால் அவர்கள் தயங்காமல் வருவார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். ஊருக்கு நடுவிலுள்ள கோயில் மண்டபம் உங்களுக்கு வசதியாக இருக்கலாம், அவர்கள் அங்கே கால் வைக்க முடியாமல் இருக்கலாம்.

மலையூர்களும் அப்படித்தான். சாலை இல்லாத ஊரிலிருந்து கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கி வரும் நிலைமை இன்னும் முழுதாக ஒழியவில்லை. 108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது, ஆனால் அது சாலை முடிகிற இடம்வரைதான் வரும். தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அவளை அடிவாரத்துக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். வீட்டிலுள்ள மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டை யார் மேய்ப்பது என்பதற்கு நீங்கள் வழி சொல்லாவிட்டால் அவள் வர மாட்டாள். அதனால் அந்தப் பேச்சையும் நீங்களே எடுக்க வேண்டும்.

6. பதினாறு வயதுக் கர்ப்பிணி உங்களைப் பார்த்து ஒளியக் கூடாது.

18 நிரம்பாத பெண் கர்ப்பமானால் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும், நம் இஷ்டத்துக்கு விட முடியாது. அதை மருத்துவ அலுவலர் மூலமாக முறையாகச் செய்யுங்கள். ஆனால் அவளை முதலில் பார்க்கும்போது உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை போலீஸாக இருக்கக் கூடாது. "சாப்பிட்டியா?" என்பதாக இருக்கட்டும். வசைக்குப் பயந்து ஒளிகிற பெண் வலி எடுத்த பிறகுதான் வருவாள். இடுப்பெலும்பு முழுதாக வளராத உடம்பு, ரத்தமும் இல்லை, ஒரு பரிசோதனையும் இல்லை என்றால் டாக்டராலும் என்ன செய்ய முடியும்?

இன்னும் நல்லது, அந்த நிலைமைக்கு முன்னால் போய் நிற்பது. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் யார், தாய்மாமனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று எந்த வீட்டைப் பற்றிப் பேச்சு என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வரும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போதும். கல்யாணத்தை நிறுத்துவதும் மகப்பேறு வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

7. இரண்டாவது, மூன்றாவது பெண் பிறந்த வீட்டுக்கு அடிக்கடி போங்கள்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பக்கத்துச் சேலத்தில் தொடங்கினார்கள் என்றால், எங்கள் பக்கம் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கள்ளிப்பால் காலம் போய்விட்டது. 1994-ல் வந்த சட்டம் வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதைத் தடை செய்தது. ஆனாலும் கவனிக்காமல் விடுவது என்று ஒன்று இருக்கிறது, அது சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. பையனுக்குச் சளி என்றால் அன்றைக்கே ஆட்டோ வரும், பெண்ணுக்கு நாலு நாள் பார்ப்பார்கள். எடை அட்டையில் கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள். மறுநாளே போங்கள். அவளைப் பெற்றவளையும் பாருங்கள், அந்த வீட்டில் அவளுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று.

8. பணம் வாங்கிக் கொடுப்பதும் உங்கள் வேலை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி மொத்தம் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடக்கம். ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர் என்று அது பல மாதம் நின்றுபோகும். முதல் மூன்று மாதத்துக்குள் பதியும்போதே இதைச் சரிபார்த்துவிடுங்கள். பொதுவாக 19 வயது நிரம்பியவர்களுக்கும் முதல் இரண்டு பிரசவத்துக்கும்தான் அந்தப் பணம். அதாவது சிறுவயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்கும் மூன்றாவது சுமப்பவளுக்கும், யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு, இல்லை. இது சரியல்ல என்பது என் கருத்து. அவர்களுக்கு அங்கன்வாடி உணவாவது முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

9. பிரசவ அறையில் வாயை அடக்குங்கள்.

"அன்னிக்குத் தெரியலையா?" என்று வலியில் துடிக்கிறவளைக் கேட்கிற குரலை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கப் பரவும். ஆஸ்பத்திரிக்குப் போனால் திட்டுவார்கள், வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம் சும்மா வரவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன் என்கிறது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் வீடியோவை நம்பி வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஒரு பெண் இறந்துபோனார். அப்படி முடிவெடுக்கிறவர்களை மூடர்கள் என்று ஒதுக்கினால் இன்னும் தூரம் போவார்கள். அம்மாவையோ அக்காவையோ பிறப்புத் துணையாகக் கூட நிற்க விடுங்கள். ஆபரேஷன் ஏன் தேவை என்பதைப் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள்.

10. 3, 7, 14, 21, 28, 42.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போக வேண்டிய நாட்கள் இவை. போனால் துணியை அவிழ்த்துப் பிள்ளையைப் பாருங்கள். மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 60-ஐ எட்டினாலோ, அதற்கு மேல் போனாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கியிருந்தாலோ உடனே அனுப்புங்கள்.

பிறகு தாயிடம் தனியாக உட்காருங்கள். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, பிள்ளையைப் பார்த்தால் வெறுப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கப்பட்ட பெண்களில் பலருக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர். புருஷன் குடிக்கிறானா, அடிக்கிறானா என்பதையும் வீட்டார் காதில் விழாமல் கேளுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

11. புதன்கிழமை, தடுப்பூசி நாள்.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரும், தொடை வீங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் போட்டால் அடுத்த தவணைக்கு வர மாட்டார்கள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். அந்த அரைமணி நேரத்தில் இதையும் சொல்லிவிடுங்கள்: வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாக மாத்திரை 14 நாள், நின்றுவிட்டாலும் முழுசாக.

12. மரண ஆய்வுக் கூட்டத்தில் பேசுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரு தாய் போய்விடுகிற நாள் வரும். நம் மாநிலத்தில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆய்வு செய்கிறார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். காரணம் என்ற இடத்தில் ரத்தப்போக்கு, ஜன்னி என்று எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனால் முழுசு அல்ல. ராத்திரி பஸ் கிடையாது, புருஷன் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தான், கையில் பணம் இல்லாமல் விடியட்டும் என்று வைத்திருந்தார்கள், முதல் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் அந்த அறையில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லாரையும்விடச் சின்ன பதவி உங்களுடையதாக இருக்கும். பயப்படாமல் எழுந்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதைக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.