காக்பிட்டுக்குள் துப்பாக்கி எதற்கு?

மடிப்பாக்கம், சென்னை

அன்புள்ள கார்த்திக்,



உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பறக்கும்போது கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள விமானிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசின் ஃபெடரல் ஃப்ளைட் டெக் ஆபீசர் திட்டத்தில் சேர விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னோடு பறக்கும் மூத்த கேப்டன்கள் சிலர் சேரச் சொல்கிறார்கள். உன் மனைவி வித்யாவுக்கு அதில் விருப்பமில்லை. நான் விமானம் ஓட்டியவள் அல்ல. காக்பிட் கதவுக்கு வெளியே, முன்பக்கச் சமையலறைப் பகுதியில் நின்று வேலை பார்த்த கேபின் க்ரூ. அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிவதைத்தான் சொல்ல முடியும்.

என் கருத்து இதுதான்: சேர வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். அதன் பிறகு முடிவெடுக்க வேண்டியவன் நீதான்.

சேரச் சொல்கிறவர்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் நான்கு விமானங்களைக் கைப்பற்றினார்கள். அந்த நான்கு காக்பிட்டுகளிலும் இருந்த எட்டு விமானிகளும் உயிரோடு திரும்பவில்லை. கடத்தல்காரன் சொன்னபடி கேள், விமானத்தைத் தரையிறக்கு, பேச்சுவார்த்தைக்கு நேரம் வாங்கு என்றுதான் அதுவரை எல்லோருக்கும் பயிற்சி தரப்பட்டது. கடத்தல்காரன் பேரம் பேச வருகிறான், சாக வரவில்லை என்ற நம்பிக்கையில் எழுந்த பயிற்சி அது. அந்த நம்பிக்கை ஒரே காலையில் இடிந்துபோனது. சக ஊழியர்களைப் பறிகொடுத்த விமானிகள், இனி வெறுங்கையோடு உட்கார மாட்டோம் என்று சொன்னதில் எந்தத் தவறும் இல்லை.

1994 ஏப்ரல் 7 அன்று மெம்பிஸிலிருந்து கிளம்பிய ஃபெடெக்ஸ் 705 சரக்கு விமானத்தின் கதையும் உனக்குத் தெரிந்திருக்கும். அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கிட்டார் பெட்டியில் சுத்தியல்களையும் மீன்குத்தும் ஈட்டித் துப்பாக்கியையும் மறைத்து ஏறி, மூன்று விமானிகளின் மண்டையைப் பிளந்தார். ரத்தம் வழிய வழிய அவரோடு மல்லுக்கட்டித்தான் விமானத்தை மெம்பிஸிலேயே இறக்கினார்கள். அன்று அவர்களில் ஒருவரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்பவருக்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் இந்தத் திட்டம் எப்போது வந்தது என்று பார். 2002 மே மாதம், போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அன்றைய தலைவர் ஜான் மகா, விமானிகளுக்குத் துப்பாக்கி கிடையாது என்று செனட் குழுவிடம் சொன்னார். விமானியின் வேலை விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது என்பதே அவர் வாதம். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. கீழவையில் 310-க்கு 113, மேலவையில் 87-க்கு 6 என்று ஆதரவு குவிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டமும் ஆனது. முதல் அணியாக 44 விமானிகள் ஜார்ஜியாவின் கிளிங்கோவில் பயிற்சி முடித்தது 2003 ஏப்ரலில். எளிதில் உடைக்க முடியாத, குண்டு துளைக்காத காக்பிட் கதவுகளை அமெரிக்க விமானங்கள் பொருத்தி முடிக்க வைத்த கெடுவும் அதே 2003 ஏப்ரல்தான். அதாவது, ஓங்கி உதைத்தால் திறந்துகொள்ளும் கதவுகள் இருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. இன்று நீ உட்காரும் காக்பிட் வேறு. அந்தக் கதவு வந்த பிறகு அமெரிக்கப் பயணிகள் விமானம் எதன் காக்பிட்டையும் கடத்தல்காரன் யாரும் கைப்பற்றவில்லை. துப்பாக்கி இருக்கலாம் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்று உன் கேப்டன்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெருமையில் பெரும்பங்கு கதவுக்கே சேரும்.

அப்படியானால் துப்பாக்கிக்கு எஞ்சியிருப்பது கதவு திறந்திருக்கும் சில நொடிகள்தான். விமானி கழிவறைக்குப் போக வேண்டும், சாப்பாடு உள்ளே போக வேண்டும். அந்த நொடிகள் எனக்கு நன்றாகத் தெரியும். உணவு வண்டியைக் குறுக்கே தள்ளி நிறுத்திவிட்டு, கேபினைப் பார்த்தபடி நிற்பவர் ஒரு பணிப்பெண். ஒருவன் பாய்ந்து வந்தால் அவன் முதலில் மோதுவது அவள்மேல். நீ இருக்கையிலிருந்து திரும்பிச் சுட்டால், உன் குண்டு போகும் திசையில் அவன் இருக்கிறான், அவனைப் பிடித்துத் தொங்கும் அவள் இருக்கிறாள், அவர்களுக்குப் பின்னால் முதல் வரிசைப் பயணிகள் இருக்கிறார்கள். பெல்ட் கட்டிய நிலையில், கழுத்தைத் திருப்பி, ஆடும் விமானத்தில் குறி பார்க்க வேண்டும். விமானத்தின் உடம்பில் ஒரு குண்டுத்துளை விழுந்தால் அது வெடித்துச் சிதறிவிடும் என்று சினிமாவில் காட்டுவார்கள். அது உண்மையில்லை என்று உனக்கே தெரியும். அழுத்தக் காற்று எப்போதும் ஒரு வால்வு வழியே வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சிறு துளையை விமானம் தாங்கும். என் பயம் விமானத்தின் உடம்பைப் பற்றியதல்ல. அந்த இடைவெளியில் நிற்கும் மனிதர்களைப் பற்றியது.

அந்த நொடிகளுக்கு இதைவிட நல்ல பதில் ஒன்று உண்டு. செப்டம்பர் 11 அன்று இரண்டாவது கோபுரத்தில் மோதிய யுனைடெட் 175 விமானத்தின் கேப்டன் விக்டர் சராசினி. அவர் மனைவி எல்லன் பல ஆண்டுகளாக ஓயாமல் கேட்டது துப்பாக்கியை அல்ல, இரண்டாவது தடுப்பை: காக்பிட் கதவு திறக்கும்போது கேபினுக்கும் அதற்கும் நடுவே இழுத்துப் பூட்டும் ஒரு கம்பித் தடுப்பு. 2018-இல் அது சட்டமானது. புதிதாகத் தயாராகும் பயணிகள் விமானங்களில் அதைப் பொருத்த வேண்டும் என்ற விதி 2023-இல் வந்தது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கு அந்த விதி பொருந்தாது. உன் சங்கத்தில் குரல் கொடுக்க விரும்பினால் அதற்குக் கொடு. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தடுப்பு தன் வேலையைச் செய்யும், யாரையும் காயப்படுத்தாது.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது. துப்பாக்கி கடத்தல்காரனுக்காக உள்ளே வருகிறது. ஆனால் கடத்தல்காரன் வராத ஆயிரக்கணக்கான பயணங்களிலும் அது அங்கேயே இருக்கிறது. 2008 மார்ச் 22 அன்று டென்வரிலிருந்து ஷார்லட் போன யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தில், தரையிறங்கத் தயாராகும் நேரத்தில் கேப்டனின் துப்பாக்கி உறைக்குள் இருந்தபடியே வெடித்தது. உறையோடு சேர்த்துப் பூட்டு மாட்டும் அந்த ஏற்பாடே விசையை அழுத்திவிடும் ஆபத்து கொண்டது என்று விமானிகள் பலர் சொன்னார்கள். குண்டு காக்பிட்டின் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போனது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பயணத்தின் மிக நெருக்கடியான கட்டத்தில், இரண்டு விமானிகளில் ஒருவரின் கவனம் ஒரு பூட்டில் இருந்தது.

உறையை மாற்றலாம், பூட்டை மாற்றலாம். மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றின் மூத்த கேப்டன் அனுமதி இல்லாமல் புறப்பட்டார். முன்னால் இருந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். கேப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகுதான் உலகம் முழுவதும் விமானிகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்: இளையவன் மூத்தவரைத் தட்டிக் கேட்கலாம், கேட்க வேண்டும், மூத்தவர் காது கொடுக்க வேண்டும். நீ படித்த பயிற்சியின் உயிர் அதுதான். இருவரில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி ஏறும்போது அந்தச் சமநிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

இது வெறும் கற்பனை அல்ல. 2022 ஆகஸ்டில் ஒரு விமானத்தில் பயணி ஒருவருக்கு உடல்நலம் கெட்டது. விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பலாமா என்று பேச்சு வந்தபோது, திருப்பினால் பலமுறை சுடுவேன் என்று துணை விமானி கேப்டனை மிரட்டியதாக யூட்டா நீதிமன்றத்தில் 2023 அக்டோபரில் குற்றச்சாட்டு பதிவானது. அவர் இதே திட்டத்தின் கீழ் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்.

முந்நூறு டன் விமானத்தையே நம்பி ஒப்படைக்கிறோம், ஒரு துப்பாக்கியை ஒப்படைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, வெளியே போன கேப்டன் உள்ளே வர முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டு, தன்னையும் சேர்த்து 150 பேரோடு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். விமானத்தை எந்தத் தனி மனிதனிடமும் முழுதாக ஒப்படைக்கக் கூடாது என்பதே அது சொல்லும் பாடம். நாம் நம்புவது ஒருவரை ஒருவர் தடுக்கக்கூடிய இருவரை. அந்தத் தடுப்பைப் பலவீனமாக்கும் எதையும் உள்ளே கொண்டுவராதே.

ஐசி 814 நினைவிருக்கிறதா? நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பி, வழியில் கடத்தப்பட்ட விமானம். கேப்டன் தேவி சரண் தலைமேல் ஆயுதம் இருந்தது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, லாகூர் இறங்க விடாமல் விளக்குகளை அணைத்தது. இருட்டில் ஓடுபாதை என்று நினைத்து ஒரு சாலையை நோக்கித் தாழ்ந்துவிட்டு, கடைசி நேரத்தில் மேலே எழுப்பினார். பிறகு விளக்குகள் எரிந்தன, விமானம் இறங்கியது. ஒரு பயணியைக் கடத்தல்காரர்கள் கொன்றார்கள். அந்தத் துயரம் மாறாதது. மற்றவர்கள் உயிரோடு வீடு திரும்பியதற்கு, அந்த இரவில் ஒரு விமானி தன் வேலையை விடாமல் செய்ததும் ஒரு காரணம். விமானத்தில் காக்க வேண்டியது தரையிறக்கம். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருவர் மட்டுமே. கேபினில் சண்டை போட நாங்கள் இருக்கிறோம், பயணிகள் இருக்கிறார்கள். எங்களால் முடியாதது விமானத்தை இறக்குவது ஒன்றுதான்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது இவை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கேபின் க்ரூவோடு இரண்டு நிமிடம் நின்று பேசு. கதவு எப்போது திறக்கும், யார் எங்கே நிற்பார்கள், ஆபத்தென்றால் என்ன வார்த்தை என்று முடிவு செய்துகொள். அவர்கள் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள். வெளியில் என்ன சத்தம் கேட்டாலும், யார் அழுதாலும், கதவைத் திறக்காதே. இது கேபின் க்ரூவாக இருந்த உன் அத்தை சொல்வது: எங்களுக்காகக் கூடத் திறக்காதே. அருகிலுள்ள விமான நிலையத்தில் சீக்கிரம் இறக்கு. தூக்கமில்லாத நாளில், மனம் சரியில்லாத நாளில் லீவு கேட்கக் கூச்சப்படாதே.

இத்தனைக்குப் பிறகும் சேர்வது என்று நீ முடிவு செய்தால், அரைமனதோடு சேராதே. விடுமுறையைச் செலவழித்துப் பயிற்சிக்குப் போக வேண்டும். அதன்பின் குறி தவறாமல் இருக்கிறதா என்று அடிக்கடி தேர்ந்து காட்ட வேண்டும். அதில் சலிப்பு வந்தால் அன்றே விலகிவிடு. உன் அதிகாரம் காக்பிட் வாசலோடு முடிகிறது என்பதை மறக்காதே. கேபினில் என்ன நடந்தாலும் துப்பாக்கியோடு வெளியே வரும் உரிமை உனக்கு இல்லை. கேப்டனோடு கருத்து வேறுபடும் நேரத்தில் உன் கை அதன் பக்கமே போகக் கூடாது.

வித்யாவோடு ஒருமுறை உட்கார்ந்து பேசு. அவள் பயத்தைச் சின்னதாக நினைக்காதே. அந்தத் திட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதே அதன் பலம் என்கிறார்கள். அதனால் நீ என்ன முடிவெடுத்தாய் என்று இனி நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே. பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, அந்தத் தேதியை மட்டும் சீக்கிரம் சொல்.

அன்புடன்,
உன் அத்தை
சரோஜா