கம்பியில்லா இணைப்பும் காவற் கடமையும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி மழை குறைந்த நிலமாகும். காவிரிக் கரையை ஒட்டிய சில ஊர்கள் நீங்கலாக, ஏனைய ஊர்கள் பெரும்பாலும் கிணற்றை நம்பியே வாழ்கின்றன. திறந்த கிணறுகள் வற்றத் தொடங்கிய காலத்தே ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பாறையைத் துளைக்கும் பொறிகளைத் தாங்கிய வண்டிகளை இந்தியாவின் எப்பகுதியிற் கண்டாலும், அவற்றுட் பலவற்றின்மீது திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அத்தொழிலில் அவ்வூர் அடைந்துள்ள பெயர் அத்தகையது.

துளையில் நீர் ஊறினால் உழவர்க்கு மகிழ்ச்சி. ஊறாவிடின், போட்ட குழாயை உருவிக்கொண்டு, துளையை அப்படியே விட்டுச் செல்வோர் உண்டு. ஒரு சாண் அகலங்கூட இல்லாத அத்துளைக்குள் விளையாடும் குழந்தைகள் வீழ்ந்து மாண்ட செய்திகள் பல. ஆகவே 2010 பிப்ரவரி 11 அன்று உச்சநீதிமன்றம் சில நெறிகளை விதித்தது. கிணறு தோண்டுமுன் பதினைந்து நாட்களுக்கு முன்னரே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூடுதல் வேண்டும். கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம் வரை களிமண்ணும் மணலும் கல்லும் இட்டு நிரப்புதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. அந்நெறிகள் இருந்தும், 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று கைவிடப்பட்ட துளையில் வீழ்ந்து உயிர் துறந்தது. நாடே நான்கு நாட்கள் அவ்வூரை நோக்கிக் கலங்கி நின்றது.

தன் நிலத்துத் துளையை மூடுவதும் மூடாததும் தன் விருப்பமே என்று இன்று எவரும் வாதிடார். ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத வேறொரு துளையைக் குறித்து இவ்வினா இன்னும் தீரவில்லை. அதுவே பூட்டப்படாத கம்பியில்லா இணைய இணைப்பு. மக்கள் இதனை வைஃபை என வழங்குவர்.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசு ஒன்றில் இத்தகைய கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். அது நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிரும் அலைகளைப் பரப்புகிறது. அவ்வலைகள் சுவரைக் கண்டு நின்றுவிடுவதில்லை. எதிரிலுள்ள தேநீர்க் கடைக்கும் செல்லும், மாடியிற் குடியிருப்போர்க்கும் எட்டும். கடவுச்சொல் இல்லையேல் அவ்வெல்லையில் நிற்கும் எவரும் உரிமையாளர் அறியாமலே அவருடைய இணைப்பைப் பயன்படுத்தலாம். அவ்வாறு செல்லும் செய்தி எங்கிருந்து வந்தது என ஆராய்வோர்க்குக் கிடைப்பது உரிமையாளரின் முகவரியே. விடுத்தவனின் முகவரி அன்று.

இது வெறும் அச்சமன்று. 2008 சூலை 26 அன்று அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 56 பேர் மாண்டனர். முதற் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர்ச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடத்தைப் பின்பற்றிய காவலர், நவி மும்பையில் ஓர் அயல்நாட்டவர் குடியிருந்த வீட்டை அடைந்தனர். அவருடைய கம்பியில்லாக் கருவி காவலின்றித் திறந்திருந்தது. பிறர் அதன்வழி மடலை அனுப்பியிருந்தனர். குற்றம் செய்யாத அவர் பல நாட்கள் விசாரணைக்கு உட்பட நேர்ந்தது. அடுத்து வந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மும்பையின் மாதுங்காவிலுள்ள ஒரு கல்லூரி, செம்பூரிலுள்ள ஒரு நிறுவனம் ஆகியவற்றின் இணைப்புக்களும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டன.

2009 சனவரியில் மும்பைக் காவல்துறை, தெருத்தெருவாகச் சென்று பூட்டப்படாத இணைப்புக்களைத் தேடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை, இணைய சேவை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு ஓர் ஆணை விடுத்தது. கம்பியில்லா வழியில் இணைவோர் யாவர் என்பது உறுதி செய்யப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். பொது இடங்களில் இணைவோருக்குக் கைப்பேசி எண்வழி ஒருமுறைக் கடவுச்சொல் வழங்கும் வழக்கம் இதனாற் பரவியது. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது: கடமை நிறுவனங்களின் தலைமேல் வைக்கப்பட்டதேயன்றி, வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்கப்படவில்லை.

வீட்டிலுள்ள அலைக்கருவியை அரசு கட்டுப்படுத்துவது புதிதன்று. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, உரிமமின்றி வானொலிப் பெட்டியும் வைத்திருத்தல் ஆகாது என்னும் நிலை முன்னர் இருந்தது. அஞ்சல் நிலையத்திற் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற பின்னரே நம் நாட்டவர் பல்லாண்டுகள் பாட்டுக் கேட்டு வந்தனர். இன்றைய மாணவர்க்கு இது வியப்பளிக்கலாம். 2005 சனவரியிலேதான் இக்கருவிகள் இயங்கும் அலைவரிசைக்கு உரிமம் வேண்டா என அரசு விலக்களித்தது. அவ்விலக்கு இல்லையேல் இக்கருவி இத்துணை வீடுகளிற் புகுந்திராது.

வீட்டுப் பழக்கத்துட் சட்டம் நுழைவதைச் சேலத்து மக்கள் நன்கறிவர். 1937 அக்டோபர் 1 அன்று இராசாசியின் அரசு மதுவிலக்கை முதன்முதல் நடைமுறைப்படுத்தியது, நாமக்கல்லும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலேயே ஆகும். எனினும் மதுவிற்கு மணம் உண்டு. ஆழ்துளைக்கு வாய் உண்டு. கிராம அலுவலர் சென்று காணலாம். அலைக்கு இவை இரண்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் அலையையும் சோதிக்க வேண்டுமாயின், அலுவலர் வாங்கிக் கருவியோடு வாயில்தோறும் நிற்றல் வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த நாட்டில் இது எளிதிற் பொருந்துவதன்று.

பூட்டும் நிலையானதன்று. 1997இல் இவ்விணைப்புக்கு வகுக்கப்பட்ட முதற் பூட்டு முறையின் குறை 2001இல் அறிஞரால் வெளிப்படுத்தப்பட்டது. 2003இல் ஒரு முறையும், 2004இல் அதனினும் வலியதொரு முறையும், 2018இல் வேறொன்றும் வந்தன. முதற் பூட்டையே பூட்டுக என்று சட்டம் எழுதியிருப்பின், நான்கே ஆண்டுகளில் அச்சட்டம் உடைந்த பூட்டைக் காத்து நின்றிருக்கும்.

செருமனியில் நிகழ்ந்த ஒரு வழக்கு இங்கே கருதத்தக்கது. ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்தார். அந்நாட்களில் அவருடைய இணைப்பின்வழி யாரோ ஒரு பாடலை உரிமையின்றிப் பரப்பினர். 2010 மே 12 அன்று அந்நாட்டு உயர்நீதி மன்றம், செய்யாத குற்றத்திற்கு அவர் இழப்பீடு தர வேண்டா என்றது. ஆயினும் கருவியை வாங்கிய காலத்தில் வழக்கிலிருந்த காவலை அமைத்து, தமக்கெனக் கடவுச்சொல்லையும் வைத்திருத்தல் அவர் கடமை என்றது. புதிய பூட்டு வருந்தோறும் மாற்றவேண்டும் என்று அது கூறவில்லை. அளவறிந்த தீர்ப்பு அது. 2017இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, இணைப்பைப் பிறர்க்குத் திறந்து வைப்போரின் பொறுப்பை மேலும் தளர்த்தியது.

திறந்து வைப்போர் அனைவரும் கவனமற்றவர் அல்லர். சேலத்துக் கோடையிலே தண்ணீர்ப் பந்தல் வைப்பாரைப்போல, ஏழை மாணவர் படிக்கட்டும் என்று இணைப்பைத் திறந்து விடுவோரும் இருத்தல் கூடும். அவர்களைத் தண்டிப்பது அறமாகாது. 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை ஏற்ற பிரதம மந்திரி வாணித் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. சிறு பெட்டிக்கடைக்காரரும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இன்றிப் பொது இணைப்பு வழங்கலாம். வந்து இணைவோர் யாவர் என்பதை மட்டும் அத்திட்டத்தின் செயலி அறிந்துகொள்ளும். பந்தலும் உண்டு, காவலும் உண்டு.

ஆழ்துளை நெறிகள் நிலத்தின் உரிமையாளரை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. துளையிடும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தின. இணைப்பிலும் அவ்வாறு செய்தலே தக்கது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகட்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்றல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. ஆத்தூரிலோ இராசிபுரத்திலோ மரவள்ளி உழவர் ஒருவர் இணைப்பு வாங்கும்போது, கருவி பூட்டிய நிலையிலேயே அவர் கைக்கு வருமாயின், அவர் பொறியியல் கற்க வேண்டுவதில்லை. கம்பி இழுக்க வரும் பணியாளர் எல்லோர் வீட்டிற்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போவதைத் தடுத்தாலே பாதி வேலை முடியும்.

முன்னரே விற்கப்பட்டுப் பழைய பூட்டுடன் பரண்மீதும் கல்லாப்பெட்டிக்கு மேலும் மின்னிக்கொண்டிருக்கும் கருவிகளுக்கு இது உதவாது. அவற்றை மாற்றும் செலவை வீட்டுக்காரர் ஏற்பதா, விற்ற நிறுவனம் ஏற்பதா என்பது எந்தச் சட்டமும் இன்னும் தொடாத வினாவாக உள்ளது.