ஓடை மீனும் கொசுக் காய்ச்சலும்



பெம்பான் என்பது நம் ஊரின் பெயர் மட்டுமன்று. ஈரமான ஓடைக்கரைகளில் வளரும் ஒரு செடிக்கும் மலாயில் அதே பெயர்தான். அதன் தண்டை உரித்துப் பாயும் கூடையும் பின்னுவார்கள். அந்தச் செடி நிற்கும் இடத்தில் நீர் இருக்கும். நீர் இருக்கும் இடத்தில் கொசுவும் இருக்கும், கொசுப் புழுவைத் தின்னும் மீனும் இருக்கும். இந்த மூன்றாவதைப் பற்றியதுதான் இந்தப் பாடம்.

ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மீன்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளிவிட்டு வந்து, பால் டின்னையும் பழைய துண்டையும் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கூட்டமாக ஓடும் செலுவாங், கீழ்த்தாடை ஊசிபோல் நீண்ட ஜூலுங் ஜூலுங், போத்தலில் போட்டுச் சண்டைக்கு விட்ட பெலாகா என்று பெயர்களும் உங்களுக்கு மறந்திருக்காது. அவை உங்கள் உடல்நலத்துக்கு என்ன செய்தன என்பதை மட்டும் அன்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளீயத் தலை

ஓடை ஓரத்தில், நீரின் மேல்மட்டத்தில், அசையாமல் நிற்கும் ஒரு சிறு மீன் உண்டு. மேலிருந்து பார்த்தால் அதன் தலை உச்சியில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா தீமா என்பார்கள். தீமா என்றால் வெள்ளீயம். தலையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி விட்டதுபோல் இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நம் பேச்சில் இதற்கு நிலையான தமிழ்ப் பெயர் இல்லாததால், இந்தக் கையேட்டில் மலாய்ப் பெயரையே வைத்துக்கொள்கிறோம்.

இந்த மீனை 1822-இல் ஹாமில்டன் என்ற மருத்துவர், கங்கையாற்று மீன்களைப் பற்றிய தம் நூலில் முதன்முதலாக விவரித்தார். வங்காளத்திலிருந்து மலாயா, இந்தோனேசியத் தீவுகள் வரை இது பரவியுள்ளது. இதன் இனத்து மீன்கள் தமிழ்நாட்டுக் குளங்களிலும் உண்டு. பெரும்பாலும் விரல் நீளத்துக்கு மேல் வளராது.

அதன் உடலமைப்பைக் கவனியுங்கள். முதுகு தட்டையாக இருக்கும். வாய் மேல்நோக்கித் திறக்கும். நீரின் மேல்பரப்பில் இருப்பதைப் பிடித்துத் தின்பதற்கே ஏற்ற அமைப்பு. கொசுப் புழு மூச்சு விடுவதற்கு மேலே வந்தாக வேண்டும். அனோபிலிஸ் கொசுவின் புழுவோ நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகவே கிடக்கும். இரண்டும் ஒரே இடத்தில்தான் சந்திக்கின்றன. ஒரு கெப்பாலா தீமா ஒரு நாளில் பத்துக் கணக்கான புழுக்களைத் தின்றுவிடும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரமும் மீன் அங்கே காவல் நிற்கிறது.

தோட்டத்தில் குளிர்காய்ச்சல் இருந்த காலம்

மலாயாவில் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் உருவானது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். அதற்குப் பின் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். வந்தவர்களில் எத்தனையோ பேர் மலேரியாவுக்கு இரையானார்கள். உங்கள் தாத்தா பாட்டி 'குளிர்காய்ச்சல்' என்று சொல்லி அஞ்சியது இதைத்தான். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டுபிடித்ததே 1897-இல்தான்.

1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்து நோயைக் குறைத்தார். கடலோரச் சமவெளியில் அந்த வழி பலித்தது. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலான காட்டு நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது குறைந்தது. குன்றுப் பகுதித் தோட்டங்களிலோ காரியம் தலைகீழாக நடந்தது. அங்கே மரத்தை வெட்டி வெயில் விழச் செய்த பிறகுதான் காய்ச்சல் பெருகியது. காரணம், அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற வேறொரு கொசு. அதற்குத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். சலசலவென ஓடும் அழகான மலை ஓடையின் ஓரமே அதற்குத் தொட்டில்.

ஓடையில் மீன் இருந்தும் ஏன் மலேரியா வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கொசு மீன் நுழைய முடியாத இடங்களையும் தேர்ந்தெடுக்கும்: மலையடிவாரத்து ஊற்றுக் கசிவு, கல்லிடுக்கு, மாட்டுக் குளம்படியில் தேங்கிய நீர், அடர்ந்த புல்லுக்குள் ஒதுங்கிய நீர். மீன் தனியாக மலேரியாவை ஒழித்துவிடும் என்று சொல்வது சரியாகாது. ஆனால் மீன் எட்டக்கூடிய நீரில் கொசு பெருகாமல் அது பார்த்துக்கொள்கிறது. மீன் செத்துப்போன ஓடையில் அந்த இடங்களும் கொசுவுக்குச் சொந்தமாகிவிடும்.

முதுகில் டின்னைச் சுமந்து, வாரந்தோறும் ஓடை ஓரமாகக் கொசு எண்ணெய் அடித்துக்கொண்டு போனவர்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப் படலம் புழுவின் மூச்சை அடைத்தது. பல உயிர்களைக் காத்தது. அதே படலம் மேல்மட்டத்தில் வாழும் மீன்களுக்கும் இடைஞ்சல்தான். அன்று வேறு வழி குறைவு. அதைக் குறை சொல்வதற்கில்லை.

2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தொற்றியதாக மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா இன்னும் இருக்கிறது. காட்டோரத் தோட்டத்துக்கோ குனோங் லேடாங் அடிவாரத்துக்கோ போய்வந்த பின் காய்ச்சல் கண்டால், போன இடத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டிங்கி வேறு கணக்கு

இன்று நம்மைப் பயமுறுத்துவது டிங்கி. 2019-இல் மட்டும் நாட்டில் 130,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடைக்குப் போவதில்லை. பூச்சாடித் தட்டு, வாளி, பழைய டயர், அடைத்துக்கொண்ட கூரைத் தண்ணீர்க் குழாய், சாமி மேடையில் வைத்த செம்பு என்று வீட்டைச் சுற்றியே முட்டையிடுகிறது. காய்ந்த பாத்திரத்தின் சுவரில் அதன் முட்டை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மழை பெய்து நீர் ஏறியதும் பொரிக்கும். அங்கே எந்த மீனும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஓடையை மீன் பார்த்துக்கொள்ளும். வீட்டை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு நாள், பத்து நிமிடம் போதும். தட்டுகளில் உள்ள நீரைக் கொட்டுங்கள். பாத்திரத்தின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்; வெறுமனே கொட்டினால் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். குளியலறைத் தொட்டியை மூடி வையுங்கள். மூட முடியாத தொட்டிக்கு, பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில் அபேட் மருந்து போடலாம். குனிந்து செய்ய முடியாதவர்கள் வெட்கப்படாமல் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ கூப்பிடுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப் புழு இருந்தால் அபராதமும் உண்டு.

மருந்துப் பொடியையோ கொசு ஸ்ப்ரேயையோ ஓடையிலும் கால்வாயிலும் கொட்டாதீர்கள். ஸ்ப்ரேயில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. கொசு மறுவாரமே திரும்பி வந்துவிடும். மீன் அப்படித் திரும்பாது.

வெளியூர் மீன் வேண்டாம்

"கொசு தின்னும் மீன் என்று கடையில் விற்கிறார்களே, வாங்கி ஓடையில் விடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கப்பி மீன் தென்னமெரிக்கக் கரையிலிருந்தும் திரினிடாட் தீவிலிருந்தும் வந்தது. காம்பூசியா அமெரிக்காவைச் சேர்ந்தது. மலேரியாவுக்கு மருந்தாக உலகின் பல மூலைகளுக்குக் கொண்டுபோனார்கள், தமிழ்நாட்டுக் கிணறுகளிலும் குளங்களிலும்கூட விட்டார்கள். பல நாடுகளில் அது உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்று, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் ஓடையில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

வீட்டின் முன்னுள்ள அல்லித் தொட்டியில் மீன் வளர்ப்பது நல்லது. அது தொட்டியோடு நிற்கட்டும். வளர்க்கச் சலித்துப்போன திலாப்பியாவையோ அலங்கார மீனையோ புண்ணியம் என்று எண்ணி ஆற்றில் விடுவது ஓடைக்குக் கேடு.

தூபா வேரை நசுக்கிப் போட்டும், பேட்டரி மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படிப் பிடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் புழு தின்னும் சிறு மீனும் சேர்ந்தே சாகும்.

முள்ளோடு சாப்பிடும் மீன்

பொரித்த செலுவாங்கை முள்ளோடு மென்று தின்ற ருசி பலருக்கு நினைவிருக்கும். அதில் ருசி மட்டும் இல்லை. முள்ளோடு உண்ணும் சிறு மீனில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. எலும்பு தேயும் வயதில் அது தேவை. வங்காளதேசத்தில் ஏழைகள் உண்ணும் மோலா என்ற சிறு மீனில் வைட்டமின் ஏ நிறைந்திருப்பதை ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் சகுந்தலா தில்ஸ்டட். பினாங்கில் தலைமையகம் உள்ள வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனத்தில் பணியாற்றியவர். 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. திரினிடாட்டில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். கப்பியும் அந்த ஊர்தான். ஆனால் இவர் உலகுக்குத் தந்தது நல்ல செய்தி.

அதற்காக இன்று எந்த ஓடை மீனையும் பிடித்துத் தின்னச் சொல்லவில்லை. செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் இடத்துக்குக் கீழே, அல்லது பட்டறைக் கழிவு கலக்கும் இடத்தில் பிடித்த மீனைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல நீரில் பிடித்ததையும் நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள்; அரைவேக்காட்டு நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம். சந்தை நெத்திலியும் அதே சுண்ணாம்புச் சத்தைத் தரும். அதை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். கௌட் எனும் மூட்டு வீக்கம் உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எவ்வளவு உண்ணலாம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடையில் இறங்குமுன்

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீன் காட்டப் போவது நல்ல பழக்கம். கரையில் நின்றாலே கெப்பாலா தீமாவின் வெள்ளிப் பொட்டு தெரியும். நீரில் இறங்குவதென்றால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். கிருமி தோலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே நுழைந்துவிடும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் புண் இருப்பதே சில நேரம் தெரியாது. ஆகவே புறப்படுமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். புண் இருந்தால் அன்று கரையோடு நின்றுகொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த சில நாள்களுக்கு யாரும் இறங்கவே வேண்டாம்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உடனே சுகாதார கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போங்கள்:

ஓடையில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அல்லது கண் மஞ்சளாதல்.

காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். சுகமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் காயாமலும் டிங்கி இருக்கலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். வலி மாத்திரைகளில் ஐபுபுரோஃபென் போன்றவை டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும். இருதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவேண்டாம்; மருந்து அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓடையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், அந்த நீரைத் தொடாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறைக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ அன்றே தெரிவியுங்கள்.