பிக்கப் வண்டியும் ஷாக் அப்சார்பரும்

வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைக்கு மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி பின்புறம் தாழ்ந்துவிட்டால், ஷாக் அப்சார்பரை மாற்றினால் நிமிருமென நாம் எண்ணிவிடுகிறோம். அது பிழை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. அப்பட்டையின் துள்ளலை உள்ளிருக்கும் எண்ணெயைக் கொண்டு அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே, தாழ்ந்த வண்டிக்குப் பட்டையையும் ஏற்றும் பாரத்தையும் முதலில் பார்த்தல் வேண்டும்.

மேலே எண்ணெய் கசிந்திருந்தாலோ, பள்ளத்தைத் தாண்டிய பின்னும் வண்டி துள்ளிக்கொண்டே இருந்தாலோ, ஷாக் அப்சார்பரை மாற்றத் தயங்கலாகாது. துள்ளும் சக்கரம் சாலையைப் பற்றாது. பிரேக் பிடித்தும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

வண்டியின் மாதிரிக்கு உரியதையே, ஒரே அச்சின் இருபுறத்திற்கும் சேர்த்து வாங்குக. மண்பாதையில் மிகுதியாக ஓடும் வண்டிக்கு வாயு நிரப்பியது நலம்; எண்ணெய் நுரைப்பது குறையும். மிகவும் விறைப்பானது வேண்டா. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் அது குதிக்கும்.